குழி வெட்டியவருக்கு எது 31ஆம் நாள்?

அன்புள்ள ஐயாவுக்கு,

யாழ்ப்பாணத்தில் ஒரு சேமக்காலையில் (கல்லறைத் தோட்டத்தில்) குழி வெட்டுகிறேன். அப்பாவும் இதே தொழில்தான் செய்தார். சென்ற மாதம் நான்கு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு மூன்றரை அடி நீளத்தில் குழி வெட்டினேன். அன்றிலிருந்து நித்திரை இல்லை. 'மண்ணைப் போட்டதோடு மறந்துவிடு' என்கிறார் அப்பா. இப்படிக் கலங்குவது பலவீனமா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தம்பி,

பலவீனம் இல்லை. உங்கள் கடிதத்தை மூன்று நாட்களாகத் திரும்பத் திரும்பப் படித்தேன்; குழியின் நீளத்தை எழுதியிருந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுவிட்டேன். பெரியவர்களுக்கு வெட்டும் குழி கைப்பழக்கத்திலேயே அமைந்துவிடும். பிள்ளைக்கு வெட்டும்போது அளவு கேட்டு, அளந்து, கொஞ்சத் தோண்டலிலேயே சுண்ணக்கல் தட்டும் நம் மண்ணில் அலவாங்கைப் போடும் ஒவ்வொரு முறையும் அந்த அளவை நினைத்துக்கொண்டே வெட்ட வேண்டியிருக்கிறது. அந்த நினைப்புத்தான் உங்களோடு வீட்டுக்கு வந்திருக்கிறது.

செத்தவீட்டாருக்குத் துக்கத்தை இறக்கிவைக்க நம் வழக்கத்தில் இடங்கள் உண்டு. சைவர்களுக்கு எட்டுச்செலவுப் படையலும் கீரிமலைக் கடற்கரையில் அந்தியேட்டிக் கிரியையும்; நம் கத்தோலிக்கருக்கு 31ஆம் நாள் திருப்பலியும், நவம்பர் 2ஆம் திகதி கல்லறையில் ஏற்றும் மெழுகுதிரியும். குழி வெட்டியவரோ குளித்துவிட்டு அடுத்த குழிக்குப் போகிறார். அவருக்குத் துடக்கு (சாவுத் தீட்டு) தொடங்குவதுமில்லை, கழிவதுமில்லை.

அந்தப் பாரத்தில் ஒரு பங்கை ஏற்றியவர்கள் நாங்கள். என் அம்மாவை அடக்கம் செய்த நாள் மாரி மழை. குழிக்குள் தண்ணீர் ஊறியிருந்தது. பெட்டி வந்து சேருமுன் குழி வெட்டியவர் வாளியால் தண்ணீரை இறைத்து ஊற்றி, எங்கிருந்தோ உலர்ந்த மணல் கொண்டுவந்து அடியில் பரப்பிக் கையால் தடவிச் சமப்படுத்தினார். முன்னே வந்திருந்த நான் அதைப் பார்த்தேன். எல்லாம் முடிந்தபின் அவருடைய கூலியைக் கையில் கொடுக்காமல் மதிலின்மேல் வைத்தேன். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பது அன்று எனக்குப் போதுமான காரணமாக இருந்தது. அவருடைய பெயரை இன்றுவரை நான் அறியேன்.

அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் 2025 பெப்ரவரியில் தகன மேடைக்காக மண்ணை வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. செம்மணி மனிதப் புதைகுழி என்று அறியப்படும் அவ்விடத்தில் பின்னர் நடந்த அகழ்வில் சிறுவர்களுடையவை உட்பட 200க்கும் மேற்பட்ட எலும்புத்தொகுதிகள் எடுக்கப்பட்டன. நீதி கேட்டு நிறையப் பேசினோம், பேசத்தான் வேண்டும். ஆனால், முதலில் மண்வெட்டியை நிறுத்திய கைகளுக்கு உரியவர் அன்றிரவு எப்படி உறங்கினார் என்று நானும் கேட்கவில்லை.

ஒரு மாதமாக நித்திரை இல்லை என்பதைச் சும்மா விடாதீர்கள். போதனா வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவுக்குப் போங்கள். போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். சாராயத்திடம் மட்டும் நித்திரையைக் கேட்க வேண்டாம். வரும் நவம்பர் 2ஆம் திகதி அந்தப் பிள்ளையின் தலைமாட்டில் நீங்களும் ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள். அதற்கு நீங்கள் உறவினராக இருக்க வேண்டியதில்லை.

அப்பா மறக்கச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வெட்டிய முதல் சின்னக் குழி எது என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். இடத்தைக் காட்டுவார் என்றே நினைக்கிறேன்.