வாசகர் கேள்வி பதில்: கையால் வரைந்த டிசைனை வெக்டராக மாற்ற

கேள்வி: கொலுசு டிசைனை 0.5 மி.மீ. கறுப்புப் பேனாவால் வரைந்து, ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் டிரேஸ் செய்தேன். லேசர் கடையில் ஒவ்வொரு கோடும் இரட்டைக் கோடாக வருகிறது. ஓரமும் பிசிறடிக்கிறது. என்ன செய்வது?
- வாசகர், செவ்வாய்பேட்டை, சேலம்

பதில்: டிரேஸ் என்பது புள்ளிகளால் ஆன படத்தைக் கோட்டுப் பாதைகளாக, அதாவது வெக்டராக மாற்றுவது. வழக்கமான டிரேஸ், கறுப்பாக இருக்கும் இடத்தின் ஓரத்தைச் சுற்றி வரும். நீங்கள் கோடு என்று நினைப்பது அதற்கு அரை மில்லிமீட்டர் அகலப் பட்டை. பட்டைக்கு இரண்டு ஓரம் உண்டு. லேசரும் இரண்டு தடவை ஓடுகிறது. பாத் மெனுவில் டிரேஸ் பிட்மேப்பைத் திறந்து, ஒற்றை ஸ்கேன் பகுதியில் 'சென்டர்லைன் டிரேசிங்' தேர்ந்தெடுங்கள், பட்டையின் நடுவே ஒற்றைப் பாதை வரும். இது 1.0 பதிப்பு முதல் இருக்கிறது. வந்த பாதைக்கு ஃபில்லை (உள்ளே நிரப்பும் நிறம்) எடுத்துவிட்டு ஸ்ட்ரோக் (கோடு) மட்டும் கொடுங்கள். ஒரே சீரான மெல்லிய கோட்டுக்குத்தான் இது சரிப்படும். டிசைனில் உள்ள மாங்காய் உருவத்தின் உள்ளே மை நிரப்பியிருந்தால் அந்த இடத்தில் கண்டபடி கோடு இழுக்கும். அப்படி நிரப்பிய பகுதியைத் தனியே பழைய முறையில் டிரேஸ் செய்யுங்கள். கோடுகள் சேரும் முனைகளிலும் கொஞ்சம் வளைந்துபோகும், நோட் கருவியால் பாதையின் புள்ளிகளை (நோடுகளை) இழுத்துச் சரி செய்ய வேண்டும்.

பிசிறுக்குக் காரணம் பெரும்பாலும் ஸ்கேன்தான். கிரேஸ்கேலில் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வைத்து, பிஎன்ஜியாகச் சேமியுங்கள். ஜேபெக் என்றால் கோட்டைச் சுற்றிச் சாம்பல் புள்ளிகள் சேரும், டிரேஸ் அதையும் உருவமாக எடுத்துக்கொள்ளும். பென்சில் கோட்டை நன்றாக அழித்த பிறகே ஸ்கேன் செய்யுங்கள். வழக்கமான டிரேஸில் எதுவரை கறுப்பாக எடுப்பது என்று சொல்லும் 'பிரைட்னெஸ் கட்ஆஃப்' 0.45-இல் நிற்கும், கோடு அறுந்தால் கூட்டுங்கள், காகிதக் கறை தெரிந்தால் குறையுங்கள்.

டிரேஸ் ஆன உருவம் மூலப்படத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஒன்றும் நடக்கவில்லை என்று மறுபடி மறுபடி அழுத்தினால் அடுக்கடுக்காகச் சேர்ந்துவிடும், லேசர் அத்தனையையும் வெட்டும். மேலுள்ளதை நகர்த்திப் பார்த்து, மூலப்படத்தை நீக்குங்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம்: முழுக் கொலுசையும் டிரேஸ் செய்யாதீர்கள். ஒரு மாங்காயை மட்டும் எடுத்துச் சுத்தம் செய்து, நகல் எடுத்து, 'எச்' விசையால் திருப்பி வரிசையாக அடுக்குங்கள். கையால் வரைந்ததில் எந்த இரண்டு மாங்காயும் ஒன்றுபோல் இருக்காது. வெள்ளியில் அது பளிச்சென்று தெரியும். முத்துகளையும் டிரேஸில் நம்பாதீர்கள். முறையான வட்டத்துக்கு 4 நோடு போதும், டிரேஸ் செய்த முத்தில் அதைவிட நிறைய நோடுகள் தாறுமாறாக இருக்கும். வட்டக் கருவியால் புதிதாகப் போட்டுவிடுங்கள். நோடுகளைக் குறைக்க கன்ட்ரோல்-எல் ஒருமுறை அழுத்துங்கள். வேகமாக அடுத்தடுத்து அழுத்தினால் குறைப்பு மேலும் மேலும் கடுமையாகி, மாங்காயின் கூர்நுனி மழுங்கிவிடும்.

கடைக்குக் கொடுக்கும்போது டிசைனுக்குப் பக்கத்தில் 50 மி.மீ. நீளக் கோடு ஒன்று போட்டு, அளவையும் சொல்லிவிடுங்கள். மில்லிமீட்டரை அங்குலமாக எடுத்துக்கொண்டால் டிசைன் 25.4 மடங்கு பெரிதாகும். அந்தக் கோட்டை அளந்தால் உடனே பிடிபடும்.

கேள்வி: காபித்தூள் பாக்கெட் லேபிளுக்கு வாட்டர் கலரில் காபிச் செடி வரைந்திருக்கிறோம். வெக்டராக்கலாமா?
- வாசகி, ஏற்காடு

பதில்: வேண்டாம். கலங்கிய நிறங்கள் திட்டுத்திட்டாகப் பிரியும். படத்தை அச்சிடும் அளவில் 300 டிபிஐ படமாகவே வையுங்கள். பெயர் எழுத்தை மட்டும் வெக்டராக்கினால் போதும்.

கேள்வி: கிராஃப் தாளில் போட்ட சேலை பூட்டாவை (சிறு பூ உருவம்) ஃபோனில் படம் எடுத்து டிரேஸ் செய்தால் ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பாகிறது.
- வாசகர், இளம்பிள்ளை

பதில்: ஒரு பக்கம் நிழல் விழுந்திருக்கிறது. ஃபிளாஷ் இல்லாமல், பகல் வெளிச்சத்தில், ஃபோனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். சாய்த்தால் கட்டங்கள் கோணும். ஆனால் தறிக்கு என்றால் வெக்டரே தேவையில்லை. டிசைன் நெய்யும் ஜக்கார்டு தறியில் ஒரு கட்டம் என்பது பாவும் (நீள நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) சந்திக்கும் இடம். வளைவை எவ்வளவு வழவழப்பாக்கினாலும் கடைசியில் கட்டத்துக்குத்தான் வர வேண்டும். ஒரு கட்டத்துக்கு ஒரு பிக்சல் என்று வைத்து, தறி மென்பொருளிலேயே கட்டங்களை நிரப்புங்கள்.