உப்பும் தண்ணீரும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

சிறுநீரகப் பிரிவில் 19 வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். நெடுந்தூர ஓட்டங்கள் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் முதலுதவிக் கூடாரத்தில் நிற்பேன். அதனால் நிஜமாகவே எலக்ட்ரோலைட் (ரத்தத்தில் கரைந்திருக்கும் சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகள்) குறைந்து வருபவர்களையும் பார்க்கிறேன், எதுவும் குறையாமலே குறைந்துவிட்டதாகப் பயப்படுபவர்களையும் பார்க்கிறேன். இரண்டாவது கூட்டம்தான் பெரிது. கேள்விகளைச் சுருக்கி, வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: தினமும் காலையில் 35 நிமிடம் ஓடுகிறேன் அக்கா. ஜிம்மில் எல்லோரும் எலக்ட்ரோலைட் மாத்திரை கரைத்த தண்ணீர்தான் குடிக்கிறார்கள். நானும் வாங்கட்டுமா?

வேண்டாம் தம்பி. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 35 நிமிடத்தில் அரை லிட்டர் வியர்வை போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி ஆளின் வியர்வையில் லிட்டருக்குச் சுமார் ஒரு கிராம் சோடியம். ஆக உங்களுக்குப் போனது அரை கிராம். உப்பாகச் சொன்னால் ஒன்றேகால் கிராம், கால் டீஸ்பூன்கூட முழுசாக வராது. குளித்துவிட்டு உட்கார்ந்து சாப்பிடும் முதல் சாப்பாட்டிலேயே அது திரும்ப வந்துவிடும். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலோர் அதைத் தாண்டித்தான் சாப்பிடுகிறோம்.

கேள்வி: முதல் ஃபுல் மராத்தானுக்குத் தயாராகிறேன். ஐந்து மணி நேரம் ஆகலாம். தாகம் எடுப்பதற்கு முன்பே குடித்துவிட வேண்டும், ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நிற்க வேண்டும் என்கிறார்கள். சரிதானா?

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருடம் முன்பு, நாலரை மணி நேரம் ஓடி முடித்த ஓர் இளைஞரைக் கூடாரத்துக்குள் தாங்கிக்கொண்டு வந்தார்கள். தலைவலி, வாந்தி. வாந்தியில் வந்தது வெறும் தெளிந்த தண்ணீர். கூட வந்த நண்பர் கையில் பாட்டிலோடு, "வறண்டு போயிட்டான், குடிக்க வைங்க" என்று பதறுகிறார். நான் நாடி பார்க்கக் கையைப் பிடித்தபோது, மோதிரம் விரலில் புதைந்திருந்தது. விரல்கள் வீங்கி, தோலில் சுருக்கமே இல்லை. வறண்டவன் விரல் வீங்காது. எடை பார்த்தோம்: காலையில் அவர் வீட்டில் பார்த்ததைவிட ஒன்றரை கிலோ கூடுதல். 42 கிலோமீட்டர் ஓடிய மனிதருக்கு எடை ஏறியிருக்கிறது! ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 124 மில்லிமோல் (கரைந்திருக்கும் பொருளை அளக்கும் அலகு). இருக்க வேண்டியது 135 முதல் 145. டாக்டர் அடர்த்தியான 3 சதவீத உப்புக் கரைசலில் 100 மில்லி ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் பேச்சு தெளிந்தது. அந்த நண்பர் சொன்னபடி இன்னும் ஒரு பாட்டில் கொடுத்திருந்தால் வலிப்பு வந்திருக்கலாம், மூளை வீங்கியிருக்கலாம்.

இது அபூர்வம் என்று நினைத்துவிட வேண்டாம். 2002 பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியதும், நாலு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டதும்தான் அதோடு சேர்ந்து நின்றன. மெதுவாக ஓடுபவருக்கு வியர்வை குறைவு, குடிக்க நேரம் அதிகம். நீங்கள் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறீர்கள்.

விளையாட்டு பானம் குடித்தால் தப்பிக்கலாமா என்றால், அதுவும் காப்பாற்றாது. அதில் லிட்டருக்குச் சோடியம் சுமார் 20 மில்லிமோல். ரத்தத்தில் 140. ரத்தத்தோடு ஒப்பிட்டால் அதுவும் தண்ணீர்தான்.

ஆகவே: தாகம் எடுத்தால் குடியுங்கள், எடுக்காவிட்டால் மேசையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருங்கள். நீண்ட பயிற்சி ஓட்டங்களுக்கு முன்னும் பின்னும், ஆடை குறைத்து, வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் பற்றாக்குறை. ஒன்றிரண்டு சதவீதம் குறைவது இயல்பு. எடை கூடவே கூடாது.

கேள்வி: என் கறுப்பு டீ-ஷர்ட்டில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுகிறது. நான் உப்பு வியர்வைக்காரனா?

இருக்கலாம். ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரிது: லிட்டருக்கு 20 மில்லிமோல் சோடியம் விடுபவரும் உண்டு, 80 விடுபவரும் உண்டு. கண் எரிவது, உதட்டில் கரிப்பது, தொப்பி விளிம்பில் உப்புப் பூப்பது எல்லாம் அடையாளங்கள். நீங்கள் அந்த 80 பக்கம் இருந்து, வெயிலில் மூன்று மணி நேரம் ஓடினால், குடிக்கும் தண்ணீரில் உப்பு சேர்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு யோசிக்கவே வேண்டாம். இன்னொன்று: வெயிலுக்குப் பழகாத உடம்பு உப்பை அள்ளி விடும். ஒன்று இரண்டு வாரம் வெயிலில் பயிற்சி செய்தால் வியர்வை கூடும், ஆனால் அதில் உப்பு குறையும். வியர்வைச் சுரப்பியே உப்பைத் திரும்ப உறிஞ்சக் கற்றுக்கொள்கிறது.

கேள்வி: ராத்திரி தூக்கத்தில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. வயது 66. மக்னீசியம் மாத்திரை ஆறு மாதமாகச் சாப்பிடுகிறேன். நிறுத்தலாமா அம்மா?

ஆறு மாதத்தில் குறைந்ததா ஐயா? இல்லை என்றால் நிறுத்திவிடலாம். வயதானவர்களின் இரவுப் பிடிப்புக்கு மக்னீசியம் உதவுவதாகச் சோதனைகளில் தெரியவில்லை. பிடிக்கும்போது முட்டியை நீட்டி, கால் விரல்களை முகத்தை நோக்கி இழுத்துப் பிடியுங்கள்; படுக்கும் முன்பும் அதையே செய்யுங்கள். வேறு மாத்திரைகள் சாப்பிட்டால் அந்தப் பட்டியலையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

பிடிப்பு என்றாலே உப்புக் குறைவு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்றால், 1920களில் சுட்டெரிக்கும் சுரங்கத்துக்குள் நாள் முழுக்க வேலை பார்த்து, வெறும் தண்ணீராகக் குடித்த பிரிட்டன் தொழிலாளர்களிடமிருந்து. அவர்களுக்கு உப்புத் தண்ணீர் கொடுத்ததும் சரியானது உண்மை. படுக்கையில் வரும் பிடிப்பு வேறு கதை.

கேள்வி: ஓஆர்எஸ்ஸும் விளையாட்டு பானமும் ஒன்றுதானே? வயிற்றுப்போக்குக்கு எது இருந்தாலும் கொடுக்கலாமா?

ஒன்று இல்லை. ஓஆர்எஸ்ஸில் லிட்டருக்குச் சோடியம் 75 மில்லிமோல், பொட்டாசியம் 20, குளுக்கோஸ் 13.5 கிராம். விளையாட்டு பானத்தில் சர்க்கரை பொதுவாக 60 கிராம் பக்கம் இருக்கும், சோடியம் நாலில் ஒரு பங்கு. ஓஆர்எஸ்ஸில் சர்க்கரை ருசிக்காக இல்லை. குடல் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாகத்தான் உள்ளே விடும் ஒரு வாசல் இருக்கிறது. வயிற்றுப்போக்கிலும் அந்த வாசல் மூடுவதில்லை. ஜோடி உள்ளே போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். சர்க்கரை மிஞ்சிவிட்டால் நேர்மாறாகத் தண்ணீர் குடலுக்குள் இழுபட்டு, போக்கு கூடும்.

பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். "குழந்தை அவ்வளவு குடிக்காது" என்று ஒரு டம்ளரில் முழுசையும் கொட்டுபவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். அது மருந்து இல்லை, உப்பு விஷம்.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. பிபி மாத்திரை சாப்பிடுகிறார். சோடியம் 126 என்று ரிப்போர்ட் வந்தது. டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொன்னார். உப்பைக் கூட்ட வேண்டாமா?

எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. ரிப்போர்ட்டில் உள்ள சோடியம், உடம்பில் மொத்தம் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. தண்ணீரோடு அதற்குள்ள விகிதத்தைச் சொல்கிறது. உப்புக் கரைசல் உள்ள பாத்திரத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். உப்பு ஒரு கல் குறையாது, கரிப்பு குறைந்துவிடும். தயசைடு வகை பிபி மாத்திரைகளும், சில மனச்சோர்வு மாத்திரைகளும் வயதானவர்களுக்கு இதைச் செய்யும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், உப்பையும் நீங்களாகக் கூட்டாதீர்கள், டாக்டரிடம் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். குழப்பமாகப் பேசினாலோ, தள்ளாடினாலோ, அரைத் தூக்கத்தில் கிடந்தாலோ உடனே மருத்துவமனை. அங்கே மெதுவாகத்தான் ஏற்றுவார்கள், 24 மணி நேரத்துக்கு 8 முதல் 10 புள்ளிக்கு மேல் போக மாட்டார்கள். அவசரமாக ஏற்றினால் மூளைக்குள் நரம்புகளைச் சுற்றியிருக்கும் உறை சேதமாகும். "ஏன் இழுத்தடிக்கிறார்கள்" என்று சண்டை போடாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்குச் சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது. சோடியம் குறைந்த உப்பு நல்லதா?

அவருக்கு வேண்டாம். சோடியத்தை எடுத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு போட்டிருப்பார்கள். சிறுநீரகம் அதை வெளியே தள்ளாவிட்டால் இதயத் துடிப்பில் கை வைக்கும்.

கேள்வி: முழு உடல் பரிசோதனையில் பொட்டாசியம் 6.1. எனக்கு ஒன்றும் செய்யவில்லை. பயப்படணுமா?

இன்றைக்கே மறுபடி ரத்தம் கொடுங்கள், ஈசிஜியும் எடுங்கள். பொய்யான எண்ணாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. உடம்பின் பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்கு உள்ளேதான் இருக்கிறது. ஊசி குத்தும்போது ரத்த அணுக்கள் உடைந்தாலோ, கையை இறுக்கி இறுக்கித் திறந்தாலோ அது வெளியே கசிந்து எண்ணைத் தூக்கிவிடும். ஆனால் பொய் என்று நீங்களோ நானோ முடிவு செய்ய முடியாது.

கேள்வி: மராத்தான் கேள்வி கேட்டது நான்தான் அக்கா. நேற்று 24 கிலோமீட்டர் ஓடி முடித்து எடை பார்த்தேன். 300 கிராம் கூடியிருக்கிறது!

கேட்டதற்காவது பார்த்தீர்களே. எத்தனை முறை நின்று குடித்தீர்கள், அதில் எத்தனை முறை நிஜமாகத் தாகம் இருந்தது என்று எழுதிப் பாருங்கள். அடுத்த வாரம் அதே தூரம், பாதித் தண்ணீர். எடையைப் பார்த்து இங்கேயே சொல்லுங்கள்.