கேள்வி – பதில்: கடலின் மேல்நீரில் வாழ்பவை

கேள்வி: 2023 அக்டோபரில் புதுச்சேரிக் கடற்கரையோரம் தண்ணீர் செந்நிறமாக மாறியது. அதற்கு முன்பு 2019 ஆகஸ்டில், சென்னைக் கடற்கரையில் இரவு அலைகள் நீல ஒளி வீசின. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டா? கழிவுநீர்தான் கடலைச் சிவப்பாக்குகிறது என்கிறார்களே?
– வாசகர், வைத்திக்குப்பம், புதுச்சேரி

பதில்: தொடர்பு இருக்கக்கூடும். நம் கரையோரங்களில் பகலில் தண்ணீரைச் சிவக்க வைப்பதும் இரவில் அலையை ஒளிர வைப்பதும் பல வேளைகளில் ஒரே உயிரிதான். நாக்டிலூகா என்னும் அது ஒரே செல்லால் ஆனது. ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை வளர்வதால், கண்ணாடிக் குவளையில் அள்ளிப் பார்த்தால் வெறுங்கண்ணுக்கே புள்ளிபோலத் தென்படும். அதன் சிவப்பு வகை தானாக உணவு தயாரிப்பதில்லை. டயட்டம் போன்ற நுண்பாசிகளை விழுங்கி வாழ்கிறது. பச்சை வகையோ, தன் உடலுக்குள் பச்சை நுண்பாசிகளைக் குடிவைத்துக்கொண்டு, அவை வெயிலில் சமைப்பதிலும் பங்கு பெறுகிறது.

நாக்டிலூகாவின் உடலுக்குள் அம்மோனியம் மிகுந்த நீர் இருப்பதால் அது கடல்நீரைவிட எடை குறைந்தது. காற்று ஓய்ந்த நாட்களில் கோடிக்கணக்கில் மேலே மிதந்துவந்து, நீரோட்டம் ஒதுக்கிய இடத்தில் திரளும்போதுதான் நிறம் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அலை உடைவது, துடுப்பு படுவது, மீன் உரசுவது என எந்த அசைவு பட்டாலும் செல்லுக்குள் உள்ள நுண்பைகளில் அமிலத்தன்மை கூடி, லூசிஃபெரின் என்னும் பொருள் வினைபுரிந்து, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் ஒளி மின்னுகிறது. தன்னை மேய வரும் சிறு உயிரியை அதைவிடப் பெரிய மீனுக்குக் காட்டிக்கொடுக்கவே இந்த ஒளி என்பது அறிஞர்கள் பலர் ஏற்கும் விளக்கம். வீட்டில் புகுந்த திருடனைக் கண்டு கூச்சலிட்டு ஊரைக் கூட்டுவதைப் போன்றது இது.

கழிவுநீரைப் பற்றிய உங்கள் ஐயம் பொருளுள்ளது. அந்தச் சிவப்பு கழிவின் சாயமா, உயிரியின் நிறமா என்பதை ஒரு துளி நீரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலே சொல்லிவிடலாம். ஆனால் உயிரியின் நிறம் என்று தெரிந்துவிட்டதால் கழிவுக்குப் பங்கில்லை என்று ஆகிவிடாது. மழைக்குப் பின் தென்பெண்ணையும் கெடிலமும் சங்கராபரணியும் வயல் உரத்தின் எச்சத்தையும் ஊர்க் கழிவையும் கடலில் சேர்க்கும்போது, அவற்றிலுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உண்டு டயட்டங்கள் பெருகுகின்றன. அவற்றை உண்டு நாக்டிலூகா பெருகுகிறது. ஒளிரும் அலையைக் காணக் கூடும் நாம், இந்தத் திரள் அழியும்போது என்ன நேர்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். இறந்த செல்கள் அழுகுகையில் நீரின் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, அம்மோனியாவும் வெளிவருகிறது. 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவின் மண்டபம் பகுதியில் நாக்டிலூகா பெருகியபோது மீன்கள் செத்து ஒதுங்கின. நிறம் மாறிய நீரில் குளிக்காமல் இருப்பதும், அங்கே செத்து மிதக்கும் மீனை உண்ணாமல் இருப்பதும் நல்லது.

கேள்வி: புயல் அடித்து ஓய்ந்த பிறகு கடலில் மீன் கூடும் என்று பெரியவர்கள் சொல்வது உண்மையா?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அந்தச் சொல்லுக்கு அடிப்படை இருக்கிறது. வெயில் படும் மேல்நீரில்தான் நுண்பாசிகள் வளர முடியும். அந்த அடுக்கு அதிகம் போனால் 200 மீட்டர் ஆழம் வரைதான். அவற்றுக்கு வேண்டிய நைட்ரேட் முதலான ஊட்டங்களோ ஆழத்து இருட்டில் கிடக்கின்றன. வங்கக் கடலில் இந்த இடைவெளி இன்னும் கடுமையானது. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, கோதாவரி ஆகியவற்றின் வெள்ளமும் பெருமழையும் சேர்ந்து, உப்புக் குறைந்த இலேசான நீரை மேலே பரப்பி வைப்பதால், சாதாரணக் காற்றால் அடிநீரைக் கலக்கி மேலே கொண்டுவர இயலுவதில்லை. அரபிக் கடலைவிட நம் கடலின் வளம் குறைந்திருப்பதற்கு இது முக்கியக் காரணம். புயல் அந்த மூடியை உடைக்கிறது. ஊட்டம் மேலேறிச் சில நாட்களில் நுண்பாசி பெருகுவதைச் செயற்கைக்கோள்கள் பச்சைத் திட்டாகவே படம் பிடித்திருக்கின்றன. அதை மேயத் துடுப்புக்காலிகள் என்னும், இறாலுக்கு உறவான நுண்ணிய உயிரிகளும், அவற்றை மேயக் கவலை மீனும் நெத்திலி மீனும் வருகின்றன. ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், கடலின் வெப்பத்தையும் பாசியின் நிறத்தையும் விண்ணிலிருந்து அளந்துதான் மீன்வள இடங்களை மீனவர்களுக்கு அறிவிக்கிறது.

ஆயினும், 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததை மறந்துவிட்டுப் புயலை வரவேற்க யாருக்கும் மனம் வராது. கடலுக்குள் கிடைக்கும் வளம் கரையின் இழப்பை ஈடு செய்வதுமில்லை.

கேள்வி: பறவைக் கோலா என்னும் பறக்கும் மீனைப் பிடிக்க, கடலில் தழைக்கட்டுகளை மிதக்கவிடுவார்களாம். மீன் தழையைத் தேடி வருவானேன்?
– வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: முட்டையிட வருகிறது. கோலாவின் முட்டைகளில் நீண்ட இழைகள் உண்டு. மிதக்கும் பாசியிலோ தழையிலோ கட்டையிலோ அவை சுற்றிக்கொண்டால்தான் முட்டை ஆழத்துக்குப் போகாமல் வெயில்நீரிலேயே இருந்து பொரிக்கும். கரையிலிருந்து வெகு தொலைவில், ஒதுங்கவும் ஒட்டவும் எதுவுமில்லாத மேல்நீரில் ஒரு தழைக்கட்டு அரிய இடம். இதை நம் மீனவர்கள் அறிவியல் ஏடுகளுக்கு வெகு முன்பே அறிந்திருந்தனர். சோழமண்டலக் கரையின் கோலா மீன்பிடிப்பை ஆராய்ந்து எழுதிய ஜேம்ஸ் ஹார்னெல், இங்குள்ள ஓர் இனத்துக்கு 1923-இல் இக்கரையின் பெயரையே சூட்டினார். சூரை மீன் துரத்தும்போது கோலா வாலின் நீண்ட கீழ்மடலால் நீரை வேகமாக அடித்து எழும்பி, மார்புத் துடுப்புகளை விரித்துச் சறுக்கிச் செல்கிறது, இறக்கை அடிப்பதில்லை. முட்டையிட வரும் மீனையே பிடிக்கும் முறை என்பதால், முட்டை ஒட்டிய தழைகளைக் கரைக்குக் கொண்டுவராமல் கடலிலேயே விட்டுவருவது அடுத்த பருவத்துக்குச் செய்யும் உதவி என்பது எமது கருத்து.

கேள்வி: வீராம்பட்டினம் மணலில் நீல நிறப் பொத்தான் போன்ற ஒன்று ஒதுங்குகிறது. குழந்தைகள் எடுக்கலாமா?
– வாசகி, அரியாங்குப்பம்

பதில்: அது போர்பிட்டா, சொறி மீனுக்கு உறவான, காற்றடைத்த வட்டத்தால் மிதக்கும் சிற்றுயிர்களின் கூட்டு. அதன் கொட்டு இலேசானது, அரிப்பு ஏற்படலாம். ஆனால் அதே காற்று, ஊதிய நீலப் பையும் நீண்ட இழைகளும் கொண்ட ஃபைசேலியாவையும் கரையில் சேர்க்கும். மணலில் செத்துக் கிடந்தாலும் அதன் இழை கடுமையாகக் கொட்டும். ஆகவே நீலமாக ஒதுங்கிய எதையும் வெறுங்கையால் தொட விடாதீர்கள். கொட்டிவிட்டால் தேய்க்காமல் கடல்நீரால் கழுவி, இழைகளைக் குச்சியாலோ இடுக்கியாலோ நீக்குங்கள். பின்னர் தோல் புண்ணாகாத அளவுக்குச் சூடான நீரில் அந்த இடத்தை வைத்திருப்பது வலியைத் தணிக்கும். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.