தோட்டத்துக்கு வந்தவங்க மறுபடியும் வரணும்னா: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் சொந்தத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் கேட்டவை.

கேள்வி: அண்ணே, ரெண்டு ஏக்கர் பால்மரம் (ரப்பர்), ஒரு ஏக்கர் டுரியான் பழமரம். பள்ளி விடுமுறைக்கு வர்றாங்க, நல்லா இருக்குன்னு சொல்றாங்க. அதோட சரி. ஏன்?

பதில்: ஒரே காலையில எல்லாத்தையும் காட்டிட்டா அப்புறம் எதுக்கு வரணும்? டுரியான் விழும்போது மட்டும்தான் ஆளைக் கூப்பிடுறோம், பூக்கிற நேரத்தைக் கோட்டை விட்டுடுறோம். பூ சாயங்காலம்தான் விரியும். இருட்டினதும் வௌவால் தேனுக்கு வரும். விடிஞ்சா மரத்தடி முழுக்க இதழ். டார்ச் லைட்டுக்குச் சிவப்புத் தாள் சுத்திக் கொடுத்தா அரை மணி நேரம் அசையாம பார்ப்பாங்க. ரகத்தைப் பொறுத்து 90 முதல் 120 நாளில் பழம் விழும், அதனால அன்னைக்கே அடுத்த வருகைக்கு உத்தேசமா மாசம் சொல்லிடலாம். ஆனா ஒரு பூவைக் காட்டி "இது உங்க பழம்"னு சொல்லிடாதீங்க. பூவுல பெரும்பாலானது உதிரும், பெருமழை பெஞ்சா இன்னும் மோசம். மரத்தைக் காட்டுங்க. பிஞ்சு பிடிச்சதும் வாட்ஸ்அப்ல படம் ஒண்ணு, பழம் விழ ஆரம்பிச்சதும் இன்னொண்ணு. தினம் அனுப்பினா ஆஃப் பண்ணிடுவாங்க.

கேள்வி: கோலாலம்பூர்க்காரங்க பத்து மணிக்குத்தான் வந்து சேர்றாங்க. அப்ப பால் வெட்டிக் காட்டலாமா?

பதில்: வேணாம். வெயில் ஏறினா மரத்துக்குள்ள அழுத்தம் குறைஞ்சு பால் சொட்டு சொட்டாத்தான் வரும், பார்க்கிறவங்களுக்குச் சப்புனு போயிடும். காலையிலேயே வெட்டி வச்சிடுங்க. பத்து மணிக்கு மங்குல (பால் வடியுற கிண்ணம்) இருந்து பாலை வாளியில ஊத்துறது, ஒட்டுப்பால் (உறைஞ்சு ஒட்டிக்கிட்ட பால்) உரிக்கிறது, ரப்பர் ஷீட் உருட்டுறதுன்னு வேலை இருக்கு. பாலை உறைய வைக்கிற திராவகத்தை (ஆசிட்) தண்ணியில கலக்கிறது மட்டும் உங்க ஆள்தான் செய்யணும், தோலைப் பொசுக்கிடும். இருட்டோட வெட்டுறதைப் பார்க்கணும்னா ராத்திரி தங்கணும். அதுவே அடுத்த தடவைக்கு ஒரு காரணம்.

கேள்வி: விருந்தாளி கையில பால் வெட்டுற உளியைக் கொடுக்கலாமான்னு அக்கா கேட்கிறாங்க.

பதில்: மறுநடவுக்கு வெட்டிச் சாய்க்கப் போற கிழட்டு மரத்துல மட்டும். ஒரு தடவைக்குச் சீவுற பட்டை ஒன்றரை மில்லிமீட்டர்தான். புதுக் கை ஆழமாப் போய்க் கட்டையைத் தொட்டுடும், அந்த இடத்துல பட்டை புடைச்சு வளரும், அப்புறம் அங்க ஒழுங்கா வெட்ட முடியாது.

கேள்வி: மழை பெஞ்சா?

பதில்: ஈரப்பட்டையில பால் வெட்டுக் கோட்டைத் தாண்டி வழிஞ்சு வீணாப் போகும், வெட்டே கிடையாது. கூரைக்கடியில உருளை மெஷினும் சூடா தேத்தண்ணியும் வச்சிருங்க.

கேள்வி: ரெண்டாவது தடவை வந்தா பத்து வெள்ளி (ரிங்கிட்) குறைக்கலாமா?

பதில்: அந்தப் பத்து வெள்ளியை முதல்ல கழிவறையில போடுங்க. கதவுக்குத் தாழ்ப்பாள், காஞ்ச தரை, வாளியில தண்ணி, துணி மாட்ட ஆணி. இது சரியில்லைன்னா குழந்தை வச்சிருக்கிற அம்மாக்கள் அடுத்த தடவை வேற இடம் பார்த்துப்பாங்க, உங்ககிட்ட வாயைத் திறந்து சொல்லவும் மாட்டாங்க.