பொறுப்புக்கு வரம்பு போட்டால் போதுமா? ஆங்கிலச் சட்ட ஒப்பந்தங்கள்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சந்தேகத்தைத்தான் கேட்கின்றன: "எங்கள் பொறுப்புக்கு, அதாவது நஷ்டம் வந்தால் நாங்கள் தர வேண்டிய தொகைக்கு, வரம்பு எழுதிவிட்டோம், அது நிற்குமா?" கீழே உள்ள பதில்கள் இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்துக்கானவை. அதிலும் வணிக நிறுவனங்கள் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களுக்கு மட்டும். நுகர்வோருக்கு 2015-இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது.

"எந்த நஷ்டத்துக்கும் நாங்கள் பொறுப்பல்ல" என்று விற்பனை விதிமுறையில் ஒரே வரியில் முடித்துவிட்டோம். இதைவிடப் பாதுகாப்பு வேறு உண்டா?

உங்கள் விதிமுறையில் இருக்கும் வரிகளிலேயே ஆபத்தானது இதுதான். உங்கள் கவனக்குறைவால் ஒருவர் இறந்தாலோ காயமடைந்தாலோ, என்ன எழுதியிருந்தாலும் அந்தப் பொறுப்பை உதற முடியாது. நியாயமற்ற ஒப்பந்த விதிகள் பற்றிய 1977-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது இது. சொந்த மோசடிக்கும் விலக்கு கிடையாது. மற்ற நஷ்டங்களுக்கு, எல்லோருக்கும் ஒரே மாதிரி வைத்திருக்கும் உங்கள் நிலையான விதிமுறையில் விற்கும்போது, ஷரத்து நியாயமானது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். நீதிமன்றம் ஷரத்தை முழுசாக எடைபோடும். அழுகிய பகுதியை வெட்டிவிட்டு மீதியை உங்களுக்காகக் காப்பாற்றித் தராது. அதனால் விலக்க முடியாதவற்றை முதலில் ஒதுக்கிவிட்டு, மற்றதைத் தனித்தனி உட்பிரிவுகளாக எழுதுங்கள். ஒன்று விழுந்தாலும் அடுத்தது நிற்க வாய்ப்பிருக்கும்.

இரு பக்கமும் கம்பெனிகள். படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள். அப்புறம் ‘நியாயமா’ என்று நீதிபதி ஏன் கேட்க வேண்டும்?

கேட்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்பதற்கு ஒரு முட்டைக்கோஸ் வழக்கு இருக்கிறது. ஒரு விவசாய நிறுவனம் ஃபின்னி லாக் என்ற விதை வியாபாரியிடம் சுமார் 200 பவுண்டுக்கு விதை வாங்கி 63 ஏக்கரில் நட்டது. வந்ததோ தவறான ரகம். செடி வளர்ந்தது, ஆனால் முட்டைக்கோஸ் திரளவே இல்லை. நஷ்டம் 61,000 பவுண்டுக்கும் மேல். "விதையின் விலையைத் திருப்பித் தருவோம், அவ்வளவுதான்" என்றது ஷரத்து. 1983-இல் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டது: ஷரத்தின் வாசகம் தெளிவாகவே இருக்கிறது. பிறகு அது நியாயமில்லை என்று தள்ளிவிட்டது. என்னைக் கேட்டால் வழக்கைத் தீர்மானித்தது வியாபாரிகளின் சொந்தச் சாட்சியம்தான். உண்மையான புகார் வந்தால் ஷரத்தைக் காட்டாமல் பேசித் தீர்ப்பதே வழக்கம் என்று அவர்களே சொன்னார்கள். அவர்களே நம்பாத ஷரத்தை நீதிமன்றம் எப்படி நம்பும்? விலையைப் பெரிதாக ஏற்றாமலே காப்பீடு எடுத்திருக்கலாம் என்பதும் அவர்களுக்கு எதிராகப் போனது.

காப்பீடு இன்னொரு வழக்கிலும் குறுக்கே வந்தது. செயின்ட் ஆல்பன்ஸ் நகராட்சிக்கு ஐ.சி.எல். என்ற கணினி நிறுவனம் கொடுத்த மென்பொருள் மக்கள்தொகையைக் கூட்டிக் காட்டியதில், வரி குறைவாக விதிக்கப்பட்டு நகராட்சிக்கு 13 லட்சம் பவுண்டு நஷ்டம். ஒப்பந்த வரம்பு 1 லட்சம், ஐ.சி.எல்.லிடம் இருந்த காப்பீடோ 5 கோடி. 1996-இல் மேல்முறையீட்டிலும் வரம்பு நிற்கவில்லை. அதற்காக எல்லா வரம்பும் உடையும் என்று நினைத்துவிடாதீர்கள். சம பலமுள்ள, அனுபவசாலி நிறுவனங்கள் பேரம் பேசி ஒத்துக்கொண்டதை நீதிபதிகள் எளிதில் கலைப்பதில்லை. 2001-இல் வாட்ஃபோர்ட் எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில் அப்படித்தான் நடந்தது. எந்தத் தொகையை, ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதைப் பேச்சுவார்த்தை நடக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் செய்த நாளில் தெரிந்த நிலவரத்தை வைத்துத்தான் நியாயம் அளக்கப்படும்.

‘பின்விளைவு நஷ்டம்’ (consequential loss) எங்கள் ஒப்பந்தத்தில் விலக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் லாப இழப்பைக் கேட்க முடியாதுதானே?

முடியலாம். இந்தச் சொல்லுக்கு அகராதி அர்த்தத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 1854-இல் குளோஸ்டர் ஆலை ஒன்றின் உடைந்த இயந்திரத் தண்டு (shaft) தாமதமாகப் போய்ச் சேர்ந்தது பற்றிய ஹாட்லி வழக்கு நஷ்டத்தை இரண்டாகப் பிரித்தது: மீறலிலிருந்து இயல்பாக வருவது ஒன்று, இரு தரப்பும் முன்பே அறிந்திருந்த தனிச் சூழ்நிலையால் வருவது மற்றொன்று. ‘பின்விளைவு’ என்றால் இரண்டாவது மட்டும் என்றே நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் படித்துவருகின்றன. சமீபத்திய சில தீர்ப்புகள் அந்த வாசிப்பைக் கொஞ்சம் அசைத்திருக்கின்றன என்பதும் உண்மை. எப்படியானாலும், இயல்பாக வரும் லாப இழப்பு முதல் வகையில் விழும். அதை விலக்க நினைத்தால் ‘லாபம்’ என்று தனியாக எழுதுங்கள்.

அதுவும் எல்லாவற்றையும் மூடாது. லாபம், வருவாய், சேமிப்பு எல்லாவற்றையும் விலக்கியிருந்த ஐ.பி.எம். ஒப்பந்தத்தில், வீணாய்ப்போன செலவு அந்தப் பட்டியலில் அடங்காது என்று 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கேட்கப்பட்டது 12 கோடி பவுண்டுக்கு மேல். கடைசியில் வரம்புத் தொகையான சுமார் 8 கோடிதான் கைக்கு வந்தது.

வரம்பு ‘கட்டணத்தில் 150 சதவீதம்’. இது மொத்தத்துக்கா, ஒவ்வொரு கோரிக்கைக்குமா?

உங்கள் வாசகம் எதைச் சொல்கிறதோ அதுதான். கிட்டத்தட்ட இதே வாசகத்தில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட விப்ரோவும் டிராக்ஸ் மின் நிறுவனமும் 2023-இல் மோதிக்கொண்டன. டிராக்ஸ் கேட்டது 3 கோடி பவுண்டுக்கு மேல். ‘மொத்தப் பொறுப்பு’ என்ற சொல் இருந்ததால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரம்பு, அதாவது 1.15 கோடி, என்று தீர்ப்பு வந்தது. அதே ஷரத்தில் ‘கோரிக்கை’ என்ற சொல்லும் இருந்ததால்தான் சண்டையே. "எல்லாக் கோரிக்கைகளுக்கும் சேர்த்து" என்றோ "ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியே" என்றோ ஒரு வரி போட்டிருந்தால் அந்த வாதம் எழுந்தே இருக்காது.

எங்கள் விதிமுறை பில்லின் பின்பக்கம் அச்சடித்திருக்கிறது. போதாதா?

பில் போவதற்கு முன்பே ஒப்பந்தம் முடிந்துவிடுகிறதே! ஆர்டரை ஏற்கும் முன்பே விதிமுறை அவர்கள் கைக்குப் போக வேண்டும். வழக்கத்துக்கு மாறான கடுமையான விதி என்றால் அதைக் கண்ணில் படும்படி காட்டவும் வேண்டும்.

நாங்கள் திருப்பூரிலிருந்து லண்டன் நிறுவனத்துக்குத் துணி அனுப்புகிறோம். ஒப்பந்தம் ஆங்கிலச் சட்டப்படி. 1977 சட்டம் எங்களைக் கட்டுப்படுத்துமா?

அநேகமாக இல்லை. இரு தரப்பின் தொழிலிடமும் வெவ்வேறு நாடுகளில் இருந்து, சரக்கு எல்லை தாண்டிப் போனால், 26-ஆவது பிரிவு அந்தச் சட்டத்தின் கட்டுப்பாடுகளை விலக்கிவிடுகிறது. டப்ளின் நிறுவனம் ஒன்றிடம் விமானங்களைக் குத்தகைக்கு எடுத்த இந்தியக் கூரியர் நிறுவனம் 2009-இல் இதை நன்றாக உணர்ந்தது. ஷரத்து நியாயமா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லாமல் போனது. இது உங்களுக்குச் சாதகம்தான். ஆனால் லண்டன்காரர் அனுப்பும் விதிமுறையில் நீங்கள் கையெழுத்திட்டால், அதே கதவு அவருக்கும் திறந்திருக்கும்.