லூபஸ் உள்ள குடும்பத்தில் மற்றவர்களின் ரத்தம்: கேள்வி பதில்

கேள்வி: என் தங்கைக்கு லூபஸ் (உடலின் எதிர்ப்பு மண்டலம் தன் உறுப்புகளையே தாக்கும் நோய்). எனக்குத் தொந்தரவு ஏதுமில்லை; ஆனால் தன் செல்களின் கருவையே குறிவைக்கும் ஆன்டிபாடிகளைத் தேடும் ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனை 1:80 அளவில் (ரத்தத்தை 80 மடங்கு நீர்த்த பிறகும்) பாசிட்டிவ் என்று வந்துள்ளது. எனக்கும் நோய் தொடங்கிவிட்டதா, டாக்டர்?

பதில்: இந்த ஒரு முடிவை வைத்து அப்படிச் சொல்ல இயலாது, அம்மா. நலமாக இருப்பவர்களிலேயே ஏறத்தாழ 100-க்கு 13 பேருக்கு 1:80 அளவில் ஏ.என்.ஏ. பாசிட்டிவாக வருகிறது; லூபஸ் நோயாளிகளின் ரத்த உறவினரிடம் இது இன்னும் அதிகம். அத்தகைய உறவினர் சிலருக்கு, வைரஸ் நுழையும்போது உடலை எச்சரிக்கும் இன்டர்ஃபெரான்-ஆல்ஃபாவின் செயல்பாடும் நோயின்றியே உயர்ந்திருக்கிறது. எளிதில் தூண்டப்படும் எதிர்ப்பு மண்டலம் பரம்பரையாக வரலாம். அது நோயாக முற்றுவதற்குப் புற ஊதாக் கதிர், ஹார்மோன், சில வைரஸ் தொற்றுகள் போன்றவையும் சேர வேண்டும்.

அமெரிக்கப் படையினரின் சேமித்த ரத்தத்தை ஆராய்ந்து 2003-இல் வெளியான ஆய்வில், பின்னாளில் லூபஸ் வந்த 130 பேரில் 115 பேருக்கு, நோய் கண்டறியப்படும் முன்பே ஏதேனும் ஒரு தன்னெதிர்ப்பு ஆன்டிபாடி இருந்தது. சிலருக்கு 9 ஆண்டுகள் முன்பே. இதைப் படித்துப் பலர் கலங்குகிறார்கள். அந்த ஆய்வு நோய் வந்தவர்களிடமிருந்து பின்னோக்கிப் பார்த்தது என்பதால், ஆன்டிபாடி இருந்தும் நோயே வராதவர்கள் எத்தனை பேர் என்பதை அது சொல்லாது.

கேள்வி: அப்படியானால் மரபணுவின் பங்கு எவ்வளவு?

பதில்: ஓர் ஆய்வில், ஒரே மாதிரி இரட்டையரில் ஒருவருக்கு லூபஸ் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது 100-க்கு 24 இணைகளில்தான். ஆக, பெரும்பாலோருக்கு மரபணு மட்டுமே காரணமல்ல. விதிவிலக்கு, சி1க்யூ என்னும் புரதம் பிறவியிலேயே இல்லாத அரிய நிலை. இறந்த செல்களின் கழிவை அகற்ற உதவும் அப்புரதம் இல்லாதவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லூபஸ் வருகிறது.

கேள்வி: நோய் இல்லை, ஆனால் ஆன்டி-ரோ என்னும் தன்னெதிர்ப்பு ஆன்டிபாடி பாசிட்டிவ். கருவுற்றிருக்கிறேன்.

பதில்: மகப்பேறு மருத்துவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். அந்த ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகச் சென்று குழந்தையின் இதயத் துடிப்பைக் கடத்தும் பாதையைத் தாக்கக்கூடும். இப்படித் துடிப்பின் கடத்தல் தடைபடுவது (ஹார்ட் பிளாக்; ரத்தக்குழாய் அடைப்பு அல்ல) 100-க்கு சுமார் 2 கருக்களில்தான். முன் குழந்தைக்கு வந்திருந்தால் ஆபத்து பலமடங்கு கூடும். 16 முதல் 26 வாரம் வரை கருவின் இதய எக்கோ குறித்துக் கேளுங்கள்.

கேள்வி: என் பிள்ளைகளுக்கும் ஏ.என்.ஏ. பார்த்துவிடலாமா?

பதில்: அறிகுறி இல்லையென்றால் வேண்டாம். வெயில் பட்டால் தடிப்பு, நீங்காத மூட்டு வீக்கம், வாய்ப்புண், நுரைக்கும் சிறுநீர் இவற்றில் ஒன்று தென்பட்டாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, குடும்பத்தில் லூபஸ் உண்டு என்பதை முதலில் சொல்லுங்கள்.