வாசிக்கத் தெரிந்தால் மட்டும் எழுத்தறிவு பெற்றவர் ஆகிவிடுவாரா?

அச்சும் கைப்பேசியும் கலந்துவிட்ட இக்காலத்தில் எழுத்தறிவு என்பதற்கு என்ன பொருள், எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், வயது வந்தோருக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தந்த அறிவொளி இயக்கத்தின் தொண்டராக இருந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

அன்று எங்களுக்கு இருந்த இலக்கு தெளிவானது. கல்குவாரியிலும் வயலிலும் வேலை முடித்து வந்த பெண்கள் இரவில் விளக்கைச் சுற்றி அமர்வார்கள். கைநாட்டு வைத்தவர் தன் பெயரை எழுத வேண்டும், பேருந்தின் ஊர்ப்பலகையை யாரையும் கேட்காமல் படிக்க வேண்டும், பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தானே பார்க்க வேண்டும். நான் சிலேட்டில் முதன்முதலில் எழுதிக் காட்டிய சொற்களுள் 'பட்டா' ஒன்று. பிறர் வாயை நம்பியிருப்பதிலிருந்து விடுபடுவதே எழுத்தறிவு என்று அன்று நினைத்தேன். இன்றும் அதையே நினைக்கிறேன். 1992-இல் எங்கள் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டபோது அந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டதாக நம்பியதுதான் என் தவறு.

சில ஆண்டுகளுக்கு முன், அந்த வகுப்பில் படித்த அக்கா ஒருவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "தம்பி, எனக்கு நாலாயிரம் ரூபா வந்திருக்குன்னு போட்டிருக்கான். நம்பரைப் போட்டேன், இருந்ததும் போயிடுச்சு" என்றார். செய்தியை என்னிடம் அவரே பிழையின்றி வாசித்துக் காட்டினார்: 'தொகையைப் பெற உங்கள் பின் எண்ணை உள்ளிடவும்.' ஓர் எழுத்தில்கூட அவர் தடுமாறவில்லை. யுபிஐ-யில் பணம் பெறுவதற்கு, 'பின்' (PIN) எனும் இரகசிய எண் ஒருபோதும் தேவைப்படாது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அதை நானும் அவருக்குச் சொல்லித் தரவில்லை என்பது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஏழு வயதும் அதற்கு மேலும் ஆன ஒருவர் ஏதேனும் ஒரு மொழியில் புரிதலுடன் எழுதவும் படிக்கவும் இயன்றால் எழுத்தறிவு பெற்றவர். 2011-இல் தமிழ்நாட்டில் அப்படிப்பட்டவர்கள் சுமார் 80 விழுக்காடு. அந்த வரையறையில் 'புரிதலுடன்' என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஒரு வாசகத்தைப் புரிந்துகொள்வது என்றால் அதன் சொற்பொருளை அறிவதோடு, அதை எழுதியவர் யார், அவர் என்னை என்ன செய்யச் சொல்கிறார் என்பதையும் அறிவதாகும்.

அச்சு இந்த வேலையில் நமக்குக் கொஞ்சம் உதவியது. கல்யாணப் பத்திரிகையானாலும் கண்டனத் துண்டறிக்கையானாலும் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். நூலிலும் நாளிதழிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும் என்று 1867-ஆம் ஆண்டுச் சட்டமே கட்டாயப்படுத்தியிருந்தது. பொய்யை அச்சிட்டாலும் அதற்கு ஒரு முகவரி இருந்தது. கைப்பேசிக்கு வரும் செய்தியில் அந்த அடிவரி இல்லை. ஐந்து முறையோ அதற்கு மேலோ கைமாறி வந்த செய்திக்கு வாட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி இடுகிறது. அனுப்பிய உறவினரின் பெயரைப் பார்த்து நம்புகிறவர்களின் கண்ணில் அந்த அம்பு படுவதே இல்லை. 2018 மே மாதத்தில், குழந்தைக் கடத்தல்காரர்கள் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால், போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற குடும்பத்தை ஊரார் சூழ்ந்து தாக்கியதில் மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அந்த வதந்தியைப் பரப்பியவர்களில் பள்ளி சென்று படித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று எண்ணும்போது மனம் பதறுகிறது.

இதனால் பழைய எழுத்தறிவின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. ஆங்கில எழுத்தில் தமிழை வேகமாகத் தட்டும் கல்லூரி மாணவர்கள் சிலர், பட்டாவில் உள்ள புல எண்ணையும் பரப்பையும் படித்துச் சொல்லத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். நீண்ட பத்தியை நிதானமாகப் படிக்கும் பயிற்சி அச்சுத்தாளில்தான் எளிதாக வாய்க்கிறது என்பது என் அனுபவம். அந்த நிதானம் கைப்பேசித் திரைக்கும் வேண்டும், ஏனெனில் ஏமாற்றுச் செய்திகள் பெரும்பாலும் 'உடனே', 'இன்றிரவுக்குள்' என்று அவசரப்படுத்துகின்றன.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். அன்றைய நாளிதழையும் அவரவர் கைப்பேசிக்கு வந்த செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறோம். வங்கியின் பெயரைச் சொல்லும் செய்தி பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து வந்தால் அதை ஐயப்பட வேண்டும், அதிலுள்ள இணைப்பைத் தொடக்கூடாது, பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும் என்பவையெல்லாம் இன்று எங்கள் பாடங்கள். எழுத்தே இல்லாமல், மகனின் குரலைப் போலியாக உருவாக்கிப் பேசிப் பணம் கேட்கும் அழைப்புகளுக்கு என்ன செய்வது என்று கேட்டார்கள். துண்டித்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள் என்றேன்.

பணத்தை இழந்த அந்த அக்காவும் வாரந்தோறும் வருகிறார். அவர் வீட்டு நிலைக்கதவின் அருகே தொங்கும் நாட்காட்டி அட்டையில், 1991-இல் பழகிய அதே குண்டு எழுத்தில், மகன், மகள் இருவரின் எண்களையும் அவற்றுக்குக் கீழே 1930-ஐயும் எழுதி வைத்திருக்கிறார்.